கண்ணாடிக் கூண்டும் கருவாட்டு நாநாவும்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், கச்சான் காற்று மன்னார்த் தீவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் எனக்கு வேலை போனது. கிராமங்களில் விவசாயிகளுக்கு உதவி செய்கிற ஒரு சிறிய திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். திட்டம் முடிந்தது. கந்தோரைப் பூட்டினார்கள், கதிரை மேசைகளை லொறியில் ஏற்றினார்கள், எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழும் குடையும் தந்து அனுப்பி வைத்தார்கள். மன்னார்க் காற்றில் குடை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பிரயோசனமான பரிசு என்று.

வேலை போனதைக்கூடத் தாங்கலாம். அதை அம்மாவிடம் சொல்வது எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பா இறந்த பிறகு தனியாளாக நின்று என்னைப் படிப்பித்தவர் அம்மா. "என்ர மகள் கந்தோரில வேலை" என்று அவர் சொல்லாத ஆள் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒருவர்கூட இல்லை. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிற நேரம் முழுக்க அதுதான் கதை. அந்த முகத்தைப் பார்த்து விசயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, அடுத்த திங்கட்கிழமை வழமைபோலச் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டேன். சந்தி வரைக்கும் வந்த பிறகுதான், போவதற்கு ஒரு இடம் இல்லை என்பது மண்டையில் உறைத்தது.

அப்போதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. நகரத்தில் ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில், பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு அக்கா, பொதுக் கந்தோர் ஒன்றைத் திறந்திருந்தார். மாதக் கட்டணம் கட்டி அங்கத்தவராகச் சேர்ந்தால் ஒரு மேசை, ஒரு கதிரை, இணையம். யாரும் வரலாம், தன் சொந்த வேலையைத் தானே செய்யலாம். என் கையிலிருந்த சேமிப்பு நான்கு மாதத்துக்குக் காணும். அதற்குள் ஒரு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவிடம் பிடிபட வேண்டும்.

சுவரில் 'அங்கத்தவர் சலுகைகள்' என்று ஒரு பட்டியல் தொங்கியது. தேத்தண்ணீர் வேண்டிய அளவு. மாதம் முப்பது பக்கம் இலவசமாக அச்சிடலாம். நாளுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டி வரலாம். கடிதங்களுக்கு இந்த விலாசத்தைக் கொடுக்கலாம். கீழே உள்ள ஆண்கள் சலூனில் பத்து வீதம் கழிவு. கடைசியாக, தொலைபேசியில் தனியாகப் பேசுவதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, நேரக் கட்டுப்பாடு இல்லை. இவ்வளவுக்கும் மேலே, கழுத்தில் தொங்கவிட நீல நாடா போட்ட ஒரு அங்கத்தவர் அட்டை. அன்று பின்னேரம், கந்தோர் இரும்புக் கடை மாடிக்கு மாறிவிட்டது என்று நான் ஒரு பொய் சொல்ல, அந்த அட்டையைக் கண்ட அம்மா, "புதுக் கார்ட் தந்திருக்கினமோ? பழசிலும் பாக்க இது வடிவாயிருக்கு" என்று சொல்லி, அடுத்த நாள் அந்த நாடாவை ஸ்திரிக்கை போட்டே தந்தார்.

சலுகை என்று ஒன்று எழுதியிருந்தால் அதைப் பாவிக்காமல் விடுவது எனக்குப் பாவம் செய்கிற மாதிரி. நாளுக்கு ஏழு தேத்தண்ணீர் குடித்து முதல் கிழமை முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்தேன். முப்பது பக்கத்தில் இருபதை எங்கள் தெருப் பெண்களுக்கு நவநாள் செபம் அச்சிட்டுக் கொடுத்து முடித்தேன். சலூன் கழிவையும் விடவில்லை. தலையில் நான்கே நான்கு முடி மிஞ்சியிருந்த என் மாமாவை, கந்தோரில் தந்த சலுகை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய் வெட்டுவித்தேன். அவர் மீசையையும் சேர்த்து ஒதுக்குவித்துவிட்டு, "உன்ர கந்தோர் நல்ல கந்தோர்" என்று சான்றிதழ் தந்தார்.

ஆனால் நான் அதிகம் பாவித்தது அந்தக் கண்ணாடிக் கூண்டைத்தான். அக்கா பிரான்சில் கண்டதை நினைவில் வைத்து வரைந்து கொடுக்க, பேசாலையிலிருந்து வந்த ஒரு தச்சர் செய்தது. சத்தத்தை அடக்குவதற்காக, முன்பக்கக் கண்ணாடியைத் தவிர உட்சுவர் முழுக்க முட்டை மட்டைகளை ஒட்டி, அதற்கு மேல் சிவப்புத் துணி அடித்திருந்தார்கள். மன்னார் வெக்கைக்கு உள்ளே இருக்கிற ஆள் அவிந்துபோகும் என்பதால், தலைக்கு மேலே ஒரு வட்ட ஓட்டை போட்டு அதில் சின்னக் காற்றாடி ஒன்றும் பூட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திக் காற்றாடியைப் போட்டால் வெளியே நடக்கிற ஒன்றும் கேட்காது. வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் உட்சத்தமும் வெளியே போகாது என்பது என்னுடைய விஞ்ஞானம்.

பார்ப்பதற்கு அது அப்படியே எங்கள் கோவிலில் இருக்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி. சிறு வயதிலிருந்து அப்படியொரு பெட்டியின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, மனதில் கிடப்பதையெல்லாம் பாதரிடம் கொட்டிப் பழகிய சாதி நாங்கள். பெட்டியைக் கண்டாலே வாய் தானாகத் திறந்துவிடும். சேர்ந்த முதல் நாளே உள்ளே போய், வவுனியாவில் இருக்கிற என் சிநேகிதிக்கு அழைப்பெடுத்து, வேலை போனதையும் அம்மாவை ஏமாற்றுவதையும் சொல்லி அரை மணித்தியாலம் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "அக்கா, உங்கட சலுகையளுக்குள்ள இதுதான் திறம்" என்றேன். அக்கா ஒருமுறை கூண்டின் மேல் பக்கத்தைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு எனக்குச் சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

என் மேசைக்கு எதிர் மேசையில் இருந்தவர் விடத்தல்தீவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. ஐம்பது வயது இருக்கும். கருவாடும் நண்டும் கொழும்புக்கு அனுப்புகிறவர். நகரத்தில் ஒரு கந்தோர் விலாசம் இருந்தால்தான் கொழும்புக்காரர் மதிப்பார்கள் என்று சேர்ந்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோரும் அவரை நாநா என்றுதான் கூப்பிட்டோம். நல்ல மனிதர், ஆனால் இரண்டு குறை. ஒன்று, மாதிரிக் கருவாட்டுப் பைகளை மேசைக்குக் கீழே வைத்திருப்பார். மற்றது, தொலைபேசியில் பேசினால் கொழும்புக்குத் தொலைபேசியே தேவையில்லை என்கிற மாதிரிக் கத்துவார்.

இரண்டாம் கிழமை கூண்டுக்குள் போய்ச் சிநேகிதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "கருவாடு காயப்போடுற வாடிக்குள்ள இருந்து வேலை தேடுறன் எண்டு நினைச்சுக்கொள்" என்றேன். அவர் கத்துகிற மாதிரிக் கத்தியும் காட்டினேன். அடுத்த நாள் கருவாட்டுப் பைகளைக் காணவில்லை. நாநா அத்தர் பூசிக்கொண்டு கமகம என்று வந்து இருந்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப அத்தர் மணத்தில தலையிடிக்குது" என்று அதையும் சிநேகிதியிடம் சொன்னேன். மறுநாள் அத்தரும் இல்லை. பிறகு கொழும்பு அழைப்பு வந்தால் படியிறங்கிக் கீழே போய்ப் பேசவும் தொடங்கினார். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருந்தேன். கேட்டது கேட்டபடி கிடைக்கிறதே என்று இன்னும் இரண்டு கொளுத்தினேன்.

ஒரேயொரு விசயம்தான் எனக்குக் குறுகுறுத்தது. நான் கூண்டுக்குள் போய்ப் பேசத் தொடங்கினால் நாநா எழும்பிக் கீழே போய்விடுவார். அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவுவார். கண்ணாடிக்குள்ளிருந்து இதைப் பார்க்க, இவர்களுக்கு என்னைக் கண்ணிலே காட்டக் கூடாது போலிருக்கு என்று எனக்குச் சுள்ளென்று வரும். வந்த கோபத்தை வேறெங்கே கொட்டுவது, அதையும் அங்கேயே சிநேகிதியிடம் கொட்டினேன்.

இரண்டாம் மாத முடிவில் ஒரு நாள், நான் கூண்டுக்குள் இருந்து "அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லையடி, சொன்னா மனிசி தாங்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்கு அப்பால் அம்மா நின்றார். கையில் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி. வெளியே போகத் துணிவில்லாமல், இனி என்ன செய்வது என்று சிநேகிதியையே கேட்டுக்கொண்டு நின்றேன். நான் கதவைத் திறக்குமுன் நாநா அம்மாவுக்குப் பின்னால் படியேறி ஓடி வந்து, அவரைத் தன் கதிரையில் இருத்தி ஏதோ சொல்லிவிட்டு, உடனே தொலைபேசியைக் காதில் வைத்துத் தன் பழைய குரலில் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார். உள்ளே இருந்த எனக்கே அது காற்றாடிச் சத்தத்தையும் மீறி இலேசாகக் கேட்டது. என்னைத் தேடி வந்த அம்மாவை ஒரு வார்த்தை பேச விடாமல் இப்படியா கத்துவது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வெளியே வந்ததும்தான் வாயை மூடினார். அம்மாவும் அக்கா ஊற்றிக் கொடுத்த ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சந்தோசமாகப் போனார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனால் அம்மாவின் முகத்தில் நத்தார்ப் பெருநாள் வெளிச்சம். நாநா அவரிடம், "மிஸ் முக்கியமான மீட்டிங்கில இருக்கிறா அம்மா, இருங்கோ. நான் மிஸ்ஸுக்குக் கீழதான் வேலை செய்யிறன்" என்று சொல்லியிருக்கிறார். ஐம்பது வயது மனிதர் ஒருவர் தன் மகளுக்குக் கீழே வேலை செய்கிறார் என்கிற செய்தி இருட்டுவதற்குள் எங்கள் தெருவின் இரண்டு முனைக்கும் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும். என்னை வைத்து நக்கலடித்திருக்கிறார் என்றே நினைத்தேன். அடுத்த நாள் கூண்டுக்குள் அதற்கும் ஒரு அர்ச்சனை நடந்தது.

மூன்றாம் மாதம் முடியப்போகும் நேரத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் என்னை நேர்முகத்துக்குத் தெரிவுசெய்தது. தமிழில் வருகிற கடிதங்களையும் மொழிபெயர்ப்புகளையும் சரிபார்க்கிற வேலை, இங்கிருந்தபடியே செய்யலாம். நேர்முகம் கணினியில், ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேசத்தான் நாக்கு தடக்கும். இரண்டு கிழமை கூண்டுக்குள் நின்று பாடமாக்கினேன். நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நறுவிலிக்குளத்துக் கதையைச் சொல்வதாக ஏற்பாடு. அங்கே விவசாயிகளுக்கு வந்த படிவம் ஒருவருக்கும் விளங்காத பாசையில் இருந்தது. கையெழுத்து வைக்க எல்லோரும் பயந்து நிற்க, நான் அங்கேயே நிலத்தில் இருந்து, அன்றைக்கே அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நல்ல கதைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் எனக்குத் தொடர்ச்சி அறுந்துவிடும். இந்த ஒத்திகைகளுக்கு மட்டும் நாநா ஏனோ கீழே போகவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மேசையிலேயே இருந்தார்.

அந்த நாள் வந்தது. காற்றாடிச் சத்தம் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அதை நிறுத்திவிட்டு இருந்தேன். திரையில் மூன்று பேர். முதல் இரண்டு கேள்வியும் ஒழுங்காகப் போனது. மூன்றாவது கேள்வி, நான் காத்துக்கொண்டிருந்த அதே கேள்வி. வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, கீழே தெருவில் நின்ற ஒரு கழுதை கத்தியது. மன்னார் நகரத்தில் கழுதை கத்துவது புதினமில்லை. ஆனால் அது என் தலைக்கு மேலே இருந்த ஓட்டையால் இறங்கி, என் காதுக்குள் நின்று கத்துகிற மாதிரிக் கேட்டது. திரையில் இருந்த பெண்மணி திடுக்கிட்டு, அது ஏதும் அபாய மணியா, கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டுமா என்று கேட்டார். கழுதை என்று சொல்ல எனக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. அதோடு மற்றதெல்லாமும் போய்விட்டது. ஊர் போனது, படிவம் போனது, என் பெயரைக் கேட்டிருந்தாலும் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். நான்காம் மாதச் சேமிப்பும் அம்மாவின் முகமும்தான் கண்ணுக்கு முன் நின்றன.

தலையை நிமிர்த்தினேன். திரைக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால் நாநா நின்றார். இரண்டு கையாலும் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஒரு விரல் உயர எழுத்தில் அச்சடித்திருந்தது: நறுவிலிக்குளம். படிவம்.

அந்த இரண்டு சொல்லும் காணும். கதை பூட்டுத் திறந்த மாதிரி வந்துவிட்டது. முடித்ததும் உங்கள் குறை என்ன என்று கேட்டார்கள். நாநா அடுத்த தாளைத் தூக்கினார்: கெதியாக் கோபம் வரும். அதுவும் நான் பாடமாக்கி வைத்த பதில்தான். கடைசியாக ஒரு தாள் தூக்கினார். அதில் "சிரியுங்கோ" என்று இருந்தது. சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? என் சொந்தக் கதையைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார், அதில் களவு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் என் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேர்முகம் முடிந்து திரை அணைந்த பிறகுதான் தலைக்கு மேலே இருந்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்தேன். கழுதை உள்ளே கேட்டதென்றால் நான் வெளியே கேட்டிருப்பேன். முதல் நாள் அழுகை. கருவாட்டு வாடி. அத்தர். நாநாவுக்கு நடத்திய அர்ச்சனை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, அந்தக் கூண்டுக்குள்ளேயே இருந்து செத்துப்போனால் என்ன என்று தோன்றியது. கடைசியில் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

"நாநா, உள்ளுக்க கதைக்கிறது வெளியால கேக்குமோ?"

நாநா அக்காவைப் பார்த்தார். அக்கா கோப்பை கழுவப் போனார். நாநா விரலால் ஓட்டையைக் காட்டினார்.

"எல்லாமோ?"

"எல்லாம் இல்லைத் தங்கச்சி. வீட்டுக் கதை எண்டா நான் கீழ போயிடுவன். இங்கிலீசு எண்டாத்தான் இருப்பன். நானும் பழகலாம்தானே. நீங்கள் நறுவிலிக்குளத்தில வச்சு ஒவ்வொரு நாளும் தடக்குப்பட்டனீங்கள், அதான் நேற்றே அடிச்சு வச்சனான். என்ர முப்பது பக்கத்தில மூண்டு போச்சு."

"கருவாடு... அத்தர்...?"

"அது கீழ இறங்க முதல் காதில விழுந்திட்டுது" என்றார், ஏதோ தன்னுடைய பிழை போல. பிறகு சிரித்துவிட்டார். "நீங்கள் என்னை மாதிரிக் கத்திக் காட்டினது நல்லாத்தான் இருந்தது. என்ர மனிசிக்கும் செய்து காட்டினனான்."

நான் அழுதுகொண்டே அக்காவிடம் திரும்பினேன். ஏன் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டைக்கே போனேன். அக்கா குழாயை மூடிவிட்டுச் சொன்னார்:

"எப்பிடியப்பா சொல்லுறது? முதல் நாளே உள்ளுக்க போய் அம்மாவை நினைச்சு அழுதீர். வெளியால வந்து இதுதான் திறமான சலுகை எண்டு சொன்னீர். அதுக்குப் பிறகு, நீர் அழுதது எங்களுக்குக் கேட்டது எண்டு சொன்னா அடுத்த நாள் வருவீரோ?"

வந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும். நான் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன். நாநா பக்கத்தில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமாதானம் சொல்கிற பாவனையில், "மற்ற நாளெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை. உங்கட அம்மா வந்த அண்டைக்குத்தான் கஷ்டப்பட்டுப் போனன். நீங்கள் உள்ளுக்க அவவின்ர கதையைத்தானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். போனில ஆளில்லாம பத்து நிமிசம் கத்துறது லேசில்லைத் தங்கச்சி. இறால் விலை சொன்னன், நண்டு விலை சொன்னன், பிறகு சொல்ல ஒண்டும் இல்லாம யாசீன் ஓதலாமோ எண்டும் யோசிச்சன்" என்றார்.

அன்று பின்னேரம், முடிவு வரும் வரைக்கும் காத்திருக்காமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊரில் இரண்டு பேர் என் இரகசியத்தை இவ்வளவு பத்திரமாகச் சுமந்துகொண்டு திரியும்போது, அதை அம்மாவிடம் மட்டும் ஒளிப்பது வெட்கமாக இருந்தது. திட்டப் போகிறார், அழப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்ப உனக்குக் கீழ வேலை செய்த அந்த மனிசனுக்கும் வேலை போயிட்டுதோ? பாவம், நல்ல மரியாதையான ஆள்."

எட்டு நாள் கழித்து வேலை கிடைத்த செய்தி வந்தது. இன்றும் அதே மேசையில் இருந்துதான் வேலை செய்கிறேன். எதிர் மேசையில் நாநா இருக்கிறார். கொழும்பு வியாபாரி ஒருவரிடம் அவர் என்னுடைய நேர்முக ஆங்கிலத்தில், தன்னுடைய குறை கெதியாகக் கோபம் வருவது என்று சொல்லப்போய், அந்த ஆள் அன்றிலிருந்து விலை பேசாமல் வாங்குகிறாராம். கருவாட்டுப் பைகளை நானே திரும்பவும் மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். மணம் மூன்று நாளில் பழகிவிட்டது.

ஓட்டையை அடைத்தால் உள்ளே இருக்கிற ஆள் அவிந்துவிடும் என்று அதை அப்படியே விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக என் முப்பது பக்கத்தில் ஒன்றைச் செலவழித்து, 'உள்ளே பேசுவது வெளியே கேட்கும்' என்று அச்சடித்துக் கூண்டின் கதவில் ஒட்டினேன். வாசிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் மறந்துவிடுகிறார்கள். போன மாதம் சேர்ந்த ஒரு பெண், வெள்ளாங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அந்த அறிவித்தலைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் குரல் உடைந்தது. நாநா படியிறங்கினார். அக்கா குழாயைத் திறந்தார். நான் காதுக்கு மாட்டுவதை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதில் பாட்டும் ஓடுவதில்லை, பேச்சும் ஓடுவதில்லை. அதை மாட்டிக்கொண்டு சும்மா இருக்கிற அந்த நேரங்களில், மறுமுனையில் ஒருவருமே இல்லாத தொலைபேசியில் எனக்காக இறால் விலை சொல்லிக் கத்திய அந்தக் குரல்தான் இன்றுவரை என் காதில் கேட்கிறது.